23 பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிக்கு என் பையனை மாற்றலாமா?

செக்கிங் அக்கா (கேள்வி):

வணக்கம்ங்க. திருப்பூரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமம் எங்களுடையது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங், வீட்டுக்காரர் கட்டிங். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். ஒரே பையன், இப்போது நாலாவது. எல்கேஜியிலிருந்தே ஒரு பெரிய இங்கிலீஷ் மீடியம் பள்ளியில்தான் படிக்கிறான். வகுப்பில் 45 பேர். வேனிலேயே போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

அவனுக்கு வாசிக்க வரவில்லை. இங்கிலீஷ்தான் வரவில்லை என்றால் பரவாயில்லை, தமிழும் வரவில்லை. வாய்க் கேள்விக்கெல்லாம் டக்கென்று பதில் வரும். என் மாமனாரோடு சந்தைக்குப் போனால் ஆட்டுக்குட்டி என்ன விலைக்கு வாங்கினோம், தீவனத்துக்கு எவ்வளவு ஆச்சு, எவ்வளவுக்கு விற்றால் கட்டும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். புத்தகத்தைத் திறந்தால் வயிற்று வலி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் சுண்டிவிடும். டாக்டரிடம் காட்டினேன், வயிற்றில் ஒன்றுமில்லை என்றுவிட்டார். நோட்டுப் பூராவும் சிவப்பு மையில் 'புவர்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தட்டாமல் வாசிக்கிறான்.

போன வாரம் எங்களைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். "இவனால மத்த பிள்ளைங்களுக்கும் லேட் ஆகுது, நீங்களே டிசி கேட்கிற மாதிரி ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க" என்றார்கள். இந்த டெர்ம் பீஸ் வேறு பாக்கி இருக்கிறது.

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. மொத்தமே 23 பிள்ளைகள், ரெண்டு டீச்சர். அங்கே போட்டுவிடலாமா என்று எனக்கு ஒரு எண்ணம். "இத்தனை வருஷம் பீஸ் கட்டிட்டு அங்க கொண்டுபோய் விட்டா ஊர்ல என்ன பேசுவாங்க" என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. சின்னப் பள்ளியில் போட்டுப் பிள்ளை மாறினதை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? அஞ்சாவது முடிந்தால் எப்படியும் பெரிய பள்ளிக்குத்தானே போக வேண்டும், அப்போது மறுபடியும் இதே கதை ஆகிவிடாதா?

கரூர்க்காரன்:

நான் நேரில் பார்த்தது வேறு மாதிரி. என் பெண்ணை இதே போல ஒரு சின்ன அரசுப் பள்ளியில் ரெண்டு வருஷம் விட்டிருந்தேன். பெயருக்கு ரெண்டு டீச்சர். ஒருவர் பாதி நாள் பயிற்சி, மீட்டிங், எமிஸில் (பிள்ளைகள் விவரம் பதிகிற அரசு இணையதளம்) ஏற்றுகிற வேலை என்று போய்விடுவார். இன்னொருவர் அஞ்சு வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு எழுத்து வேலை கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். என் பெண் வகுப்பில் அவளோடு சேர்த்து மூன்று பேர். அந்த மூன்றில் ரெண்டு பேர் அண்ணன் தங்கை. பேசுவதற்குக்கூட ஆள் கிடையாது. கடைசியில் நான்தான் மாற்றினேன்.

கூட்டம் கம்மியாக இருந்தால் கவனிப்பு தானாக வந்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். 45 பேரில் ஒருவனாக விட்டுப் போவதும் உண்டு, மூன்று பேரில் ஒருவனாக விட்டுப் போவதும் உண்டு. நான் பார்த்தது ரெண்டாவது.

சாக்பீஸ் டீச்சர்:

கரூர்த் தம்பி சொல்வதில் பொய் இல்லை. நான் அந்த மாதிரி ஓர் ஈராசிரியர் பள்ளியில்தான், ஈரோடு மாவட்டத்தில், கடைசி 11 வருஷம் தலைமையாசிரியையாக இருந்து 2024 மே மாதம் ஓய்வு பெற்றேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை ரெண்டு ஆசிரியர்தான். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேர். அதில் ஒருவர் மீட்டிங்குக்குப் போனால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், நானே போயிருக்கிறேன்.

கண்ணு, மற்றதைப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. அந்த லெட்டரை அவர்கள் சொல்கிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எட்டாவது முடிகிற வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். அதனால்தான் உங்கள் கையால் எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். மாற்றுவதாக இருந்தால் அது நீங்கள் எடுத்த முடிவாக இருக்கட்டும். பீஸ் பாக்கிக்காக டிசியைப் பிடித்து வைக்கவும் முடியாது, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. டிசி வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள், அதுவும் சட்டம்தான். எமிஸில் மட்டும் பையன் பெயரைப் புதுப் பள்ளி எடுத்துக்கொள்கிற மாதிரிப் பழைய பள்ளிக்காரர்கள் பொதுத் தொகுப்புக்கு விட வேண்டும். அதை மறக்காமல் கேளுங்கள், பல பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2018 ஜூனில் எங்கள் பள்ளிக்கு ஒரு பையன் வந்தான். உங்கள் பையன் மாதிரியே நாலாவது, தனியார் பள்ளியிலிருந்து வந்தவன். முதல் வாரம் முழுக்கத் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான். வாசி என்றால் "தண்ணி குடிச்சுட்டு வரட்டுங்களா" என்பான். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தண்ணி குடிக்கிற பையனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளி வாசலில் ஒரு சின்னக் கரும்பலகை. தினமும் காலையில் தேதி, கிழமை, பதிவு எத்தனை, வருகை எத்தனை என்று எழுதுவோம். அப்போது பதிவு 31. கணக்கு நன்றாக வருகிறதே என்று அந்த வேலையை அவனிடம் கொடுத்தேன். கொஞ்ச நாளில் எண்ணிப் பார்க்காமலே "இன்னைக்கு 29 டீச்சர், மேட்டுத்தெரு அக்காவும் தம்பியும் வரல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். வராத பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வருவதும் அவன் வேலையாகிவிட்டது. நான் சொல்லவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான்.

எண் சரி, கிழமைதான் தகராறு. திங்கள் எழுதிவிடுவான். புதன், சனி ரெண்டும் சரியாக வரும். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஒவ்வொரு வாரமும் தப்பு. நானும் முதலில் கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்தில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் 'ச' எழுதினான், அப்புறம் கொம்பை அதற்குப் பின்னால் போட்டான். 'வெ' எழுதும்போதும் அதே கதை.

ஏன்டா பின்னால் போடுகிறாய் என்று கேட்டேன். "சத்தம் அப்படித்தானே வருது டீச்சர்" என்றான்.

வாயால் சொல்லிப் பாருங்கள். 'செ' என்றால் 'ச்' முதலில் வருகிறது, 'எ' அப்புறம்தான் வருகிறது. எழுதும்போது மட்டும் கொம்பு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. 'கொ' என்றால் இன்னும் மோசம், ஒரே சத்தத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். அவன் காதில் விழுந்ததை வரிசை மாறாமல் எழுதியிருக்கிறான். முப்பது வருஷம் அ, ஆ சொல்லிக் கொடுத்த எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது. நோட்டைத் திருத்துகிற இடத்தில் இருந்திருந்தால் நானும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

செயல்வழிக் கற்றல் காலத்து எழுத்து அட்டைகள் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தன, எடுத்துத் தூசி தட்டினேன். கொம்பும் சுழிக்கொம்பும் இணைக்கொம்பும் வருகிற எழுத்துகளை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டேன். புளியங்கொட்டையைத் தரையில் அடுக்கி எழுத்து செய்வான். சுவரோடு கீழ்மட்டக் கரும்பலகை இருந்தது, பிள்ளைகள் உயரத்துக்குப் போட்டது, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். அதில் எழுதுவான், தப்பு வந்தால் உள்ளங்கையால் அழித்துவிடுவான். தினமும் பத்து நிமிஷம், அதற்கு மேல் இல்லை. தீபாவளி லீவு முடிந்து வந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பலகையில் சரியாக எழுதிவிட்டு என்னைக் கூப்பிடாமலே போய் உட்கார்ந்துகொண்டான். நான் பார்க்கிறேனா என்று தூணுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறான்.

உடனே பெரிய கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அஞ்சாவது முடிக்கும்போது வரிக்கு வரி விரல் வைத்துத்தான் வாசித்தான். நடுவில் கொரோனா வந்து பாதியை அழித்துவிட்டது. தெருவுக்குத் தெரு பாடம் சொல்லிக் கொடுக்க இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது அவன் தெருவிலேயே மையம் நடத்திய பெண், எங்களிடம் படித்தவள், அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். 2025இல் பத்தாவது பாஸ். தமிழில் 41. இப்போது ஐடிஐயில் வயர்மேன் படிக்கிறான்.

இதில் என் சாமர்த்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. 31 பேர் என்பதால் ஒரு பையன் கையைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நிற்க முடிந்தது. நான் ஒருத்தி மட்டும் பார்க்கவும் இல்லை. மூன்றாவது படித்த ஒரு பெண் குழந்தை கரும்பலகையைப் பார்த்து எழுதவே மாட்டாள், மக்கு என்று அவள் வீட்டிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். சத்துணவு ஆயாதான் ஒரு நாள் என்னிடம் வந்து, "டீச்சர், அந்தப் புள்ள கருவேப்பிலையைப் பொறுக்கக்கூடத் தட்டை மூக்குக்கிட்டக் கொண்டுபோகுது, கண்ணைக் காட்டச் சொல்லுங்க" என்றார். கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது என்று ஆயாவுக்குத் தெரிகிற பள்ளி அது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாப் பெரியவரையும் தெரியும், பெரியவர்களுக்கும் அப்படியே.

கரூர்த் தம்பி பார்த்த பள்ளி சின்னதாக இருந்தது, ஆனால் இந்தக் கவனிப்பு அங்கே இல்லை. அதனால் நீங்கள் ஒரு நாள் லீவு போடுங்கள். சனிக்கிழமை வேண்டாம், சாதாரணச் செவ்வாய், புதன் பாருங்கள். காலை உணவு போடுகிற நேரத்துக்கே போய் வாசலில் நில்லுங்கள். டீச்சர் எந்நேரத்துக்கு வருகிறார், பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, பெரிய பிள்ளைகள் சின்னதுகளுக்குத் தட்டு கழுவக் கற்றுக் கொடுக்கின்றனவா என்று பாருங்கள். "ரெண்டு டீச்சரும் இங்கேயேதானா, யாராவது மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்களா" என்று நேராகவே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிரிப்பார்கள். என் பையனுக்கு எங்கிருந்து தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். "வந்ததும் பாத்துக்கலாம்" என்றால் யோசியுங்கள். "நாளைக்கு அவனைக் கூட்டிட்டு வாங்க, கொஞ்சம் பேசிப் பாக்கறேன்" என்றால் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. முதலில் கண், காது காட்டிவிடுங்கள். ரெண்டும் சரி என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், பள்ளி வழியாகவே கேட்கலாம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாவது பரீட்சையில் கூடுதல் நேரம் உட்பட சில சலுகைகள் கிடைக்கும். குறைபாடு என்ற பெயருக்குப் பயந்து மறைக்காதீர்கள். எங்கள் பையனுக்கு நான் இதைச் செய்யவில்லை, 'பழகினால் சரியாகிவிடும்' என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

லேத் பட்டறை:

டீச்சரம்மா பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒன்பதாவதில் வெளியே அனுப்பப்பட்டவன். பத்தாவதில் சென்டம் ரிசல்ட் காட்ட வேண்டும் என்று ஒன்பதாவதிலேயே எங்களில் ஏழு பேருக்கு டிசி கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். அப்பா ரெண்டு மாசம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன உதவி பெறும் பள்ளி. பத்தாவதில் மொத்தமே 19 பேர். அங்கேயும் நான் கணக்கில் பெயில்தான்! ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் கணக்கு சார் வீட்டு வாசலில் டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்தினார். கையில் துணைத் தேர்வு விண்ணப்பம், எல்லாம் நிரப்பி வைத்திருந்தார், என் கையெழுத்துதான் பாக்கி. "போட்டோ எங்கடா" என்றார். திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அந்த ஒரு மாசம் அவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் நாலு பேர் கணக்குப் போட்டோம். நாலு பேரும் பாஸ்.

இப்போது கோயம்புத்தூரில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்க்கிற ஆள், கணக்கில் பெயில் ஆனவன். பெரிய பள்ளிக்கு மறுபடி போனால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே அக்கா, கொஞ்சம் தடுமாறுவான்தான். ஆனால் ஒரு தடவை ஒருத்தர் நம்மைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த பள்ளியில் கை தூக்கிக் கேட்கிற தைரியம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. எனக்கு வந்தது.

கரூர்க்காரன்:

டீச்சர், நான் எழுதினது கொஞ்சம் காட்டமாகத்தான் போய்விட்டது. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி வாசலில் போய் நிற்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டபோதும் நான் போகவில்லை. லாரி லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

செக்கிங் அக்கா:

எல்லாருக்கும் நன்றிங்க. இன்றைக்குக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். எட்டே காலுக்கே சுயஉதவிக் குழு அக்கா ரவா கிச்சடி இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். பெரிய டீச்சர் எட்டரைக்கு வந்தார், சின்ன டீச்சர் ஒன்பதுக்கு. மாற்றுப் பணியா என்று கேட்டேன். போன வருஷம் மூன்று மாசம் ஒருவர் வேறு பள்ளிக்குப் போயிருந்தாராம், மறைக்காமல் சொன்னார்கள். ஒரு வகுப்பறை ஓடு ஒழுகுகிறது, அதுவும் பார்த்தேன். டீச்சர், நீங்கள் சொன்ன பலகை அங்கேயும் இருக்கிறது. பதிவு 23, வருகை 21.

என் பையன் எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன். ஆட்டுக்குட்டிக் கணக்கைச் சொன்னதும் பெரிய டீச்சர் சிரித்துவிட்டு, "நாளைக்கு வரும்போது தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார். எதற்கு என்று கேட்க மறந்துவிட்டேன்.

சாக்பீஸ் டீச்சர்:

சேர்த்துவிடு கண்ணு.

செக்கிங் அக்கா (ரெண்டு மாசம் கழித்து):

பாதியில் விட்ட மாதிரி இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன். டிசி வாங்க மூன்று நடை நடந்தேன், பொதுத் தொகுப்புக்கு விடவில்லை, டீச்சர் சொன்னபடி கேட்ட பிறகுதான் விட்டார்கள். கண்ணில் குறையில்லை. சிறப்பாசிரியர் ரெண்டு தடவை வந்து பார்த்திருக்கிறார், கற்றல் குறைபாடாக இருக்கலாம், சோதனைக்கு எழுதியிருக்கிறேன் என்றார். கேட்டுவிட்டு அன்று ராத்திரி அழுதேன், இப்போது பரவாயில்லை.

வாசிப்பு இன்னும் வரவில்லைங்க. ரெண்டெழுத்து, மூன்றெழுத்து வார்த்தை வரைக்கும் வந்திருக்கிறான். மாமியார் தினமும் "அஞ்சு வருஷப் பணம்" என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார். மாமனாரைப் பள்ளியில் கூப்பிட்டது எதற்கென்றால், அவர் சொல்லச் சொல்ல ஆட்டுக் கணக்கை ஒரு நோட்டில் பையன் எழுத வேண்டுமாம். வீட்டில் தாத்தாவும் பேரனும் அதில்தான் சண்டை.

போன வியாழக்கிழமை அவனுக்குக் காய்ச்சல், அனுப்பவில்லை. பழைய பள்ளியில் ஒரு தடவை அம்மை போட்டு ஒன்பது நாள் போகாமல் இருந்தான், வேன்காரர்தான் கேட்டார். அன்றைக்கு நான் மதியம் போய்க்கொள்ளலாம் என்று அரை நாள் லீவில் வீட்டில் இருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு வாசலில் மூன்று பிள்ளைகள், நடுவில் நின்றது ஒன்றாவது படிக்கிற பொடிசு, மூச்சு வாங்குகிறது. "அண்ணன் ஏன் வரலைனு டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றது. காய்ச்சல் என்றேன். "அப்ப 22னு எழுதிடறோம்" என்று சொல்லிவிட்டு மூன்றும் திரும்பி ஓட்டம். உள்ளே படுத்திருந்தவன் எழுந்து வந்து, "கிழமையை யாரும்மா எழுதுவாங்க?" என்று கேட்டான்.